பூசைக்கு வைத்த மாதிரித் துண்டுகள்

விசாலாட்சி அம்மாளுக்கு ஒரு கொள்கை உண்டு. தன் கட்டடத்தில் நடக்கிற எந்தத் தொழிலாக இருந்தாலும் அது நவராத்திரிக்குச் சரஸ்வதிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும். கீழே அவருடைய சொந்த எவர்சில்வர் கடை. அங்கிருந்து தராசு வரும். நடுமாடியில் தையல் வகுப்பு. அங்கிருந்து கத்தரிக்கோலும் அளவு நாடாவும் வரும். மேல்மாடியில் ஒரு சிப் கம்பனியின் பதுளைக் கிளை இருக்கிறது. அங்கிருந்து எதைக் கொண்டுவந்து வைப்பது என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் இழுபறி.

மேல்மாடியில் வேலை செய்கிறவர்கள் இரண்டே பேர். துஷாந்தினி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண். கொழும்பில் படித்து, அங்கேயே சில வருடம் வேலையும் பார்த்துவிட்டு, போதும் சாமி என்று ஊருக்குத் திரும்பியவள். கூட வேலை செய்கிற ஜனுஷன் விசாலாட்சி அம்மாளின் ஒரே மகன். எவர்சில்வர் கடையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து எஞ்சினியருக்குப் படித்தவன், கடைசியில் அதே கடைக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கிறான். இதை அவன் அம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டாமல் விட மாட்டார்.

இவர்கள் செய்கிற வேலை என்னவென்று பதுளைக் கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது. சொன்னால் விளங்காத விஷயமும் இல்லை. சிப் என்பது நகக்கண் அளவுச் சில்லு. அதைத் தூக்கி நேரே மின்பலகையில் ஒட்டிவிட முடியாது, அதன் கால்கள் அவ்வளவு நுணுக்கம். நடுவில் ஒரு சின்ன அடித்தட்டு வேண்டும். மேலே சிப்பின் கால்களைப் பிடித்துக்கொண்டு, உள்ளே மயிரிழை போன்ற செம்புப் பாதைகளை ஓடவிட்டு, கீழே பெரிய பலகையோடு அது சேர்ந்துகொள்ளும். அதற்குப் பெயர் பெக்கேஜ். முன்பெல்லாம் அதை ஒரு உறை மாதிரிதான் நினைத்தார்கள், இருந்தால் போதும் என்று. இப்போது தரவு ஓடுகிற வேகத்துக்கு அந்த ஒரு விரல் நீளப் பாதையே சமிக்ஞையைத் தின்றுவிடுகிறது. செம்பைச் சுற்றியிருக்கும் பிசின் கொஞ்சம் விழுங்கும். முனையில் மோதிக் கொஞ்சம் திரும்பி வரும். பக்கத்துப் பாதைக்குக் கொஞ்சம் கசியும். இதெல்லாம் எவ்வளவு வரை போகலாம் என்று கோடு கிழித்துக் கொடுப்பதுதான் துஷாந்தினியின் வேலை. அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குகிற பெக்கேஜ் செல்லாது. தொழிலில் இதை ஸ்பெக் என்பார்கள்.

அந்த ஸ்பெக்கால்தான் இந்த வருடம் வினை வந்தது. புதிய பெக்கேஜுக்கு எந்தப் பிசினை எடுப்பது என்பதில் தலைமையகத்துக்கும் துஷாந்தினிக்கும் பெரிய மல்லுக்கட்டு. கொழும்பில் இருந்தவர்கள் பேர்போன ஒரு சரக்கைச் சொன்னார்கள். அவள் இன்னொன்றைச் சொன்னாள். கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது கோட்டுக்கு மேலேதான் நிற்கும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கிளைகளுக்கெல்லாம் பொறுப்பாளர் தயானி என்கிற பெண்மணி. பொறுமைசாலிதான், ஆனால் பொறுமைக்கும் ஒரு எல்லை வைத்திருப்பவர்.

"சரி, நீ சொல்கிற சரக்கிலேயே மாதிரி செய்து அனுப்பச் சொல்கிறேன். அளந்து காட்டு. நின்றால் பதுளைக் கிளை நடக்கட்டும். நிற்காவிட்டால் மாதக் கடைசியில் அங்கிருக்கிற அளவுக் கருவியை இங்கே எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் கொழும்புக்கு வந்துவிடுங்கள்" என்றார். தயானிக்குத் தமிழ் வராது. அவரும் துஷாந்தினியும் பேசிக்கொள்வது பாதி ஆங்கிலம், பாதி சிங்களம். அதைத் தமிழில் சொல்வதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

கொழும்பு என்றாலே துஷாந்தினிக்கு ஆகாது. வேலைக்குப் பயந்தல்ல. பக்கத்து அறையின் டிவி சத்தத்தில் தூங்கி எழுகிற அந்த போர்டிங் வாழ்க்கைக்கு இன்னொரு முறை போக அவளால் முடியாது. காலையில் ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் ஏறி, பனிக்குள்ளே வளைந்து வளைந்து பதுளைக்கு இறங்கி வந்து, உலகத்தில் எங்கோ ஓடப்போகிற சிப்புக்குக் கோடு கிழித்துவிட்டு, மாலையில் அம்மா கையால் ரொட்டி சாப்பிடுகிற இந்த வாழ்க்கை அவளுக்குப் பிடித்திருந்தது. இப்படி வாழ முடியும் என்று படிக்கிற காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

அம்மா பாக்கியலெட்சுமி இன்னும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர். கொழும்புப் பேச்சைச் சொன்னபோது அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னார். "போறதுன்னா போயிட்டு வா புள்ள. கொழும்புல வேலைன்னா சும்மாவா? நல்லதுதானே. என்னயப் பத்தி ஒண்ணும் யோசிக்காத." அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துஷாந்தினியும் எடுக்கவில்லை.

மாதிரித் துண்டுகள் நவராத்திரிக்குள் வந்து சேர்ந்தன, சரஸ்வதிக்கான கடைசி மூன்று நாள் தொடங்குவதற்கு முந்தின நாள். தபால் முத்திரை அளவுத் துண்டுகள், ஒவ்வொரு தொகுதியும் வெள்ளி நிறப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து. பைக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலமும், ஈரம் பட்டால் நிறம் மாறுகிற புள்ளிகள் போட்ட அட்டையும் இருக்கும். பைக்கு மேலே, திறந்து வைக்காதே என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை.

அன்று மாலையே விசாலாட்சி அம்மாள் படியேறி வந்துவிட்டார். "கருவியத்தான் தூக்க முடியாதுன்னு போன வருசமும் ஏமாத்திட்டீங்க. இந்த வருசம் என்ன தாறீங்க?"

"இதைக் கொண்டுபோங்கம்மா" என்று துஷாந்தினி பைகளை எடுத்து நீட்டினாள். இப்போதைக்கு அவள் வாழ்க்கையே அந்தப் பைகளுக்குள்தான் இருந்தது. சரஸ்வதி பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளுக்கும் ஓர் ஆசை.

கீழே கொலுவுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, தராசு, கத்தரிக்கோல், ஜனுஷனின் பழைய பாடப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிய விசாலாட்சி அம்மாள், வெள்ளிப் பைகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். தையல்காரி வைத்த கத்தரிக்கோலை எடுத்தார். துஷாந்தினி வாயைத் திறப்பதற்குள் முதல் பையின் வாய் திறந்துவிட்டது.

"அம்மா, அதைத் திறக்கக் கூடாதுங்க."

"பின்ன என்ன புள்ள? அம்பாள் பொட்டலத்தையா பாக்கும்?"

ஜனுஷன் திரும்பி நின்று சிரித்தான். துஷாந்தினியும் யோசித்துப் பார்த்தாள். அந்த எச்சரிக்கை எதற்காக? துண்டு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால், பிறகு ஈயம் உருக்கி ஒட்டுகிற சூட்டில் உள்ளே ஆவி கிளம்பி வெடித்துவிடும், அதற்காக. இவற்றை யாரும் ஒட்டப் போவதில்லை, அளந்துவிட்டு வைக்கப் போகிறார்கள். அப்படியானால் பரவாயில்லைதானே. படித்த மூளை இப்படித்தான் தனக்கு வசதியான காரணத்தைப் பிடித்துக்கொள்ளும். அவள் தடுக்கவில்லை. விசாலாட்சி அம்மாள் எல்லாப் பையையும் வெட்டி, துண்டுகளை ஒரு புது எவர்சில்வர் தாம்பாளத்தில் அழகாகப் பரப்பி, ஓரத்தில் சந்தனம் தொட்டு வைத்தார்.

அந்த நாட்களில் பதுளையில் விடாத மழை. நமுனுகுல மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நமத்துப் போகிற காலம் அது. பூசை அறையில் ஈரக் காற்றும், நிறைகுடமும், விளக்கும், சுண்டல் ஆவியும். வைத்த பொருளைத் தொடக் கூடாது என்பதால் மேல்மாடிக்கும் விடுமுறை. துஷாந்தினி தோட்டத்துக் கோயில் பூசைக்குப் போய், பஜனை பாடி, நிம்மதியாக இருந்தாள்.

விஜயதசமிக்குத் துண்டுகள் மேலே வந்தன. சந்தனம் படாத இடமாகப் பார்த்து, ஊசி முனைகளை வைத்து, ஜனுஷன் கருவியை ஓட்டினான். திரையில் துஷாந்தினி கிழித்த சிவப்புக் கோடு இருந்தது. அதற்கு மேலே மாதிரித் துண்டின் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டே போனது. மெதுவான அலைகளுக்கு நன்றாகத்தான் இருந்தது. வேகம் கூடக் கூடச் சரியத் தொடங்கி, முக்கியமான இடத்துக்கு வந்ததும் சிவப்பைத் தொட்டு, கீழே இறங்கிவிட்டது.

வேறு துண்டு வைத்தார்கள். அதுவும் இறங்கியது. கேபிளைக் கழற்றி மாட்டி, கருவியை முதலிலிருந்து சரிபார்த்து மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் அதே கதை.

"சரக்கே சரியில்லக்கா" என்றான் ஜனுஷன். அவன் முகம் செத்துப் போயிருந்தது. "செஞ்சவன் ஏமாத்திட்டான். அப்படியே எழுதி அனுப்பிருவோம்."

துஷாந்தினி அப்படியே எழுதவும் தொடங்கினாள். பாதியில் கை நின்றது. அவள் பச்சைக் கோட்டை உற்றுப் பார்த்தாள். செம்பு தின்றால் இழப்பு ஒரு விதமாகக் கூடும், பிசின் தின்றால் வேறு விதமாகக் கூடும். இந்தக் கோடு சரிகிற சரிவில் செம்பின் மேல் குற்றமே இல்லை. தின்றதெல்லாம் பிசின்தான். ஆனால் அந்தப் பிசினைத் தெரிந்தெடுத்தவள் அவள். அதன் குணம் அவளுக்கு அத்துப்படி. அது இப்படித் தின்னக் கூடாது.

அந்த நேரம் பார்த்து விசாலாட்சி அம்மாள் சுண்டல் கிண்ணத்தோடு வந்தார். மறு கையில் ஒரு சின்ன அட்டை. "இதைக் கீழேயே விட்டுட்டு வந்துட்டீங்க புள்ள. அம்பாள் கிருபைய பாரு. வைக்கிறப்ப புள்ளியெல்லாம் நீலமா இருந்துச்சு. இன்னைக்கு எடுத்துப் பாத்தா அம்புட்டும் குங்குமக் கலரு. படத்துலயே செருகி வச்சுக் கும்பிட்டேன்."

துஷாந்தினி அட்டையை வாங்கிப் பார்த்தாள். அத்தனை புள்ளியும் நல்ல இளஞ்சிவப்பு. ஈரம் காட்டுகிற அட்டை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. கவனிக்கத்தான் ஆளில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஈரம்டா ஜனுஷன். பிசின் தண்ணியக் குடிச்சிருக்கு. சரக்கு நல்லாத்தான் இருக்கு, நாமதான் நனைய வச்சிருக்கோம்."

விசாலாட்சி அம்மாளுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரமானது. விளங்கியதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாந்தான் கெடுத்துட்டேனா? சாமிக்கு வச்சதால கெட்டுப் போச்சா?"

"நீங்க ஒண்ணும் கெடுக்கலம்மா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான்தான் பரவாயில்லன்னு விட்டேன்" என்றாள் துஷாந்தினி. அது உண்மையும்கூட.

ஈரம் போக வேண்டுமானால் நிதானமான சூட்டில் சில மணி நேரம் வாட்ட வேண்டும். அதற்கான மின்னடுப்பு தலைமையகத்தில் இருக்கிறது, பதுளையில் இல்லை. கேட்டு அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஜனுஷன்தான் ஷப்ராஸ் நானாவின் பேக்கரியை நினைவுபடுத்தினான். இரண்டு கடை தள்ளி இருக்கிறது. கேக் சுடுவதற்கென்று தனியாக ஒரு மின்னடுப்பு வைத்திருக்கிறார், சூடு கூடாமல் குறையாமல் நிற்கும். பெருநாள் இல்லாத நாட்களில் அது சும்மாதான் கிடக்கும்.

ஷப்ராஸ் நானா தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார். "இதென்ன தங்கச்சி, புது மாதிரி பிஸ்கட்டா?"

"கம்பியூட்டர் சாமான் நானா. நனைஞ்சிட்டு. காய வைக்கணும். கூட எதையும் வைக்கக் கூடாது, ஆவி பட்டிரும்."

"கேக்கு அடுப்புல கம்பியூட்டர் சுடுறது நம்ம பரம்பரையில இதுதான் மொதல் தடவ" என்றார் அவர். சிரித்துக்கொண்டே அடுப்பைத் துடைத்துக் கொடுத்தார். சூட்டை அவள் சொன்ன அளவுக்கு வைத்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம், இன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள், உள்ளே கம்பியூட்டர் வேகுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அடுப்பின் கதவை ஒருமுறைகூட யாரையும் திறக்க விடவில்லை.

ஆறியதும் துண்டுகளை இறுக்கமான டின்னில் போட்டு மேலே கொண்டுபோனார்கள். கருவி ஓடியது. பச்சைக் கோடு இந்த முறை சிவப்புக்கு நன்றாக மேலே, இறங்கவே இறங்காமல், கடைசி வரை போய் நின்றது. ஜனுஷன் எழுந்து நின்றுவிட்டான். இரண்டாவது துண்டும் அப்படியே. கணினி சொன்னதற்கும் கருவி சொன்னதற்கும் மயிரிழை வித்தியாசம்தான்.

"அனுப்புங்கக்கா. இப்பவே அனுப்புங்க."

துஷாந்தினி கோப்பைச் சேர்த்தாள். தயானிக்கு எழுத வேண்டிய மூன்று வரியையும் எழுதினாள். பிறகு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா?"

"அந்த ஈரக் கோட்டை என்ன பண்றது?"

"அதை எதுக்கு? அது தப்பா அளந்தது. காய வச்சு அளக்குறதுதானே எல்லாரும் பண்றது."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உலகத்தில் இந்தத் துறையில் இருக்கிற எத்தனையோ பேர் காய்ந்த துண்டைத்தான் அளக்கிறார்கள். அவள் எழுதிய ஸ்பெக்கிலும் வெப்பநிலை இருந்தது, அலைவரிசை இருந்தது, ஈரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யோசித்தால் ஈரம் ஞாபகத்துக்கு வராது. அவள் உட்கார்ந்திருந்தது பதுளையில், ஆனால் எழுதும்போது அவளும் குளிரூட்டிய அறைக்காரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இந்த பெக்கேஜ் கடைசியில எங்க போய் இருக்கும்?" என்றாள். "எல்லாம் ஏசி ரூம்லயா? போன் டவருக்குக் கீழ இருக்கிற பெட்டியில இருக்கும். நமுனுகுல பக்கம் அப்படி எத்தனை பெட்டி இருக்கு, பாத்திருக்கதானே. பூசை ரூம்ல நாம அதுக்கு ஒரு கொடுமையும் பண்ணல ஜனுஷன். நாம மூச்சு விடுற காத்துல வச்சோம், அவ்வளவுதான். அதுக்கே கோட்டுக்குக் கீழ இறங்கிடுச்சு."

"அதைச் சொன்னா சரக்கு தோத்துப் போகுமே. நாமளே நம்ம தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா? எங்க அம்மாவுக்கு என்னயத் தவிர யாரு இருக்கா? நான் கொழும்பு போனா அவங்க தனியாத்தான் கடையப் பாக்கணும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "எனக்கும் போக விருப்பமில்லடா" என்றாள். "சத்தியமா இல்ல. ஆனா தெரிஞ்சுகிட்டு மறைச்சா, பிறகு நான் கிழிக்கிற எந்தக் கோட்டையும் நானே நம்ப மாட்டேன்."

ஜனுஷன் ஈரக் கோடு இருந்த கோப்பைத் தானே தேடி எடுத்து அவளுக்கு அனுப்பினான்.

இரண்டையும் சேர்த்து அனுப்பியதும் தயானி உடனே அழைத்தார். திரையில் அவருக்கு முன்னால் இரண்டு கோடும் இருந்தன. "காய்ந்தது நன்றாக இருக்கிறது. இந்த மற்றது என்ன? துண்டுகளை நனைத்துச் சோதிக்கிற ஈரப்பெட்டி அங்கே கிடையாதே, எப்படி நனைத்தீர்கள்?"

அறையில் திறந்து வைத்திருந்தோம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அதுவும் உண்மைதான். துஷாந்தினி மூச்சை இழுத்துக்கொண்டு முழுக் கதையையும் சொன்னாள், தாம்பாளம், சந்தனம், குங்குமக் கலர் புள்ளி எல்லாம் சேர்த்து. கேக் அடுப்பையும் விடவில்லை. பக்கத்தில் ஜனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தயானி சிரிக்கவில்லை. "கம்பனியின் மாதிரிகளைப் பையை வெட்டிப் பூசையில் வைத்தீர்கள்."

"ஆமாம், மேடம். பிழை என்னுடையது."

"பிழைதான்" என்றார் தயானி. "நான் யோசிக்க வேண்டும். நாளைக்குப் பேசுகிறேன்." அழைப்பு நின்றது.

அன்று மாலை பஸ்ஸில் துஷாந்தினி மழையைப் பார்த்துக்கொண்டே போனாள். வீட்டில் எதையும் சொல்லவில்லை. பாக்கியலெட்சுமியும் ஒன்றும் கேட்கவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த பயணப் பையை அம்மா இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தார். அதை இரண்டு பேரும் பார்க்காதவர்கள் மாதிரி அதைச் சுற்றி நடந்தார்கள்.

மறுநாள் தயானி மதியத்துக்கு முன்பே அழைத்துவிட்டார். "நேற்று உன்னை ஏசலாம் என்றுதான் இருந்தேன்" என்றே தொடங்கினார். "அதற்கு முன்னால் நாங்கள் சொன்ன சரக்கின் அறிக்கைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட ஈரத்தில் அளந்த கணக்கு இல்லை. எல்லாம் காய வைத்து அளந்தது. செய்தவனையே அழைத்துக் கேட்டேன். அவனுக்கும் தெரியாது. டவர்ப் பெட்டிக்குள்தான் போகப்போகிறது என்று தெரிந்தும் நாங்கள் ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை."

ஜனுஷன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தான்.

"நீ ஸ்பெக்கைத் திருத்த வேண்டும். காய்ந்த நிலைக்கு ஒரு கோடு, ஈர நிலைக்கு ஒரு கோடு. இரண்டிலும் நிற்கிற சரக்குத்தான் நமக்கு வேண்டும். ஈரக் கோட்டில் உன் சரக்குத் தோற்கலாம், தெரியும்தானே?"

"தெரியும், மேடம்."

"எங்கள் சரக்கும் தோற்கலாம். எதையும் அளந்தால்தான் தெரியும். இங்கே ஏசி இரவு பகலாக ஓடுகிறது, இந்தக் கட்டடத்தில் ஒரு பிஸ்கட்டைக்கூட நமத்துப் போக வைக்க முடியாது. ஈரப்பெட்டிக்குள் நனைப்பதை இங்கேயும் செய்யலாம். ஆனால் உண்மையான காற்றில் எத்தனை நாளில் எவ்வளவு குடிக்கிறது என்பது அங்கேதான் தெரியும். உங்கள் மழை எப்போது முடியும்?"

"ஜனவரி வரைக்கும் இருக்கும், மேடம். சில வருடம் அதற்குப் பிறகும்."

"அப்படியானால் கருவி அங்கேயே இருக்கட்டும். எங்கள் சரக்கின் துண்டுகளை அனுப்புகிறேன். வேறு இரண்டு சரக்கும் வரும். மழை முடிந்தால் வெயிலிலும் அளக்க வேண்டியிருக்கும், ஆகவே நீங்கள் கொழும்புக்கு வருகிற கதையை இப்போதைக்கு விடுங்கள்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அடுத்த முறை பையை நீயே வெட்டு. எப்போது வெட்டினாய் என்றும் குறித்து வை" என்றார். அப்போதுதான் அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

ஜனுஷன் இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினான். கொஞ்ச நேரத்தில் விசாலாட்சி அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து நின்றார். நேற்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மகன் சொல்லியிருந்தான். "அப்ப நான் செஞ்சது தப்பில்லயா புள்ள?"

"தப்புத்தாம்மா. ஆனா நல்ல தப்பு."

"அடுத்த சாமானும் வருதாமே. கீழ வைக்கவா? நவராத்திரி முடிஞ்சா என்ன, கார்த்திகை விளக்கீடு இருக்கு, திருவெம்பாவை இருக்கு."

"வைங்கம்மா. சந்தனம் மட்டும் வேணாம்."

விசாலாட்சி அம்மாள் அதற்கும் பேரம் பேசிப் பார்த்தார். தாம்பாளத்தில் மட்டும் பொட்டு வைக்கலாம், துண்டில் வைக்கக் கூடாது என்று கடைசியில் உடன்பாடானது. துஷாந்தினி உட்கார்ந்து ஸ்பெக்கில் புதிய வரியை எழுதினாள். அளப்பதற்கு முன் மாதிரிகளைப் பையிலிருந்து எடுத்து, எடை ஏறுவது நிற்கும்வரை ஈரக் காற்றில் திறந்து வைக்க வேண்டும் என்று. எழுதி முடித்து இரண்டு முறை வாசித்துப் பார்த்தாள். இவ்வளவு நாளும் எழுதிய எல்லா வரியையும்விட அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

மாலையில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது பாக்கியலெட்சுமி மலையிலிருந்து வந்து, கால் கழுவி, அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் கொழும்பு போகல."

துருவலகில் கை நின்றது. "ஏன், வேணாம்னுட்டாங்களா?"

"இல்லம்மா. இங்கயே இருந்து வேலை செய்யச் சொல்லிட்டாங்க. இங்கத்த மழையும் பனியும் வேணுமாம் அவங்களுக்கு."

பாக்கியலெட்சுமி அதை முழுசாக விளங்கிக்கொண்ட மாதிரி இல்லை. மகள் போகவில்லை என்பது மட்டும் விளங்கியது. தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ போறேன்னப்ப நான் நல்லதுன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"அது பொய்யி" என்றார் பாக்கியலெட்சுமி. "அன்னைலருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல."

"தெரியும்மா."

"தெரியுமா? தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ உண்மையச் சொல்லிருவியேன்னு பயமா இருந்துச்சு" என்றாள் துஷாந்தினி. அம்மா அவளை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில், தனக்குக் கிட்ட உட்கார வைத்துக்கொண்டார். வெளியே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.